அம்மாவுக்கு ஒரு செம்பு தண்ணீர்

என் கடையில் எடை குறையாது ஐயா. முப்பது வருடமாக நாட்டு மருந்து விற்கிறேன். தராசில் விரல் வைத்தேன் என்று ஒருவரும் சொன்னதில்லை. தம்பி விஷயத்தையும் அப்படியே கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

ஊமத்தை கெட்ட செடி இல்லை. இலையை வதக்கிக் கட்டினால் வீக்கம் வடியும். காய்ந்த இலையின் புகை இழுப்புக்காரர்களுக்கு மூச்சைத் திறந்துவிடும் என்று அந்தக் காலத்திலிருந்தே கொடுத்து வருகிறார்கள். விதைதான் வேறு சங்கதி. முறையாகச் சுத்தி செய்யாமல் உள்ளே போனால் ஆளையே புரட்டிவிடும். வாய் வறளும், கண்மணி விரியும், இல்லாத ஆட்கள் வந்து பக்கத்தில் உட்காருவார்கள். தெளிந்த பிறகு ஒன்றும் நினைவிருக்காது. இதெல்லாம் தெரிந்துதான் செய்தேன்.

என் தம்பி தையல்காரன். சின்ன வயதிலிருந்தே இழுப்பு. "உன் கடைக் குப்பைய எல்லாம் என் நெஞ்சுலதான் கொட்டுறண்ணே" என்று கிண்டல் செய்வானே தவிர, நான் எதைக் கொடுத்தாலும் என்னவென்று கேட்காமல் குடிப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவனுக்குப் போட்ட ஊமத்தைப் புகை அதிகமாகிவிட்டது. அது கைத்தவறுதான். கட்டிலில் உட்கார்ந்து, இல்லாத ஊசியில் இல்லாத நூலைக் கோத்துக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. அப்போது கால்மாட்டைப் பார்த்துச் சொன்னான்: "அண்ணே, அம்மா தண்ணி கேக்குறாங்க."

நானும் கால்மாட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

நாலு வருடத்துக்கு முன்னால், அம்மா கடைசியாகக் கேட்டதும் தண்ணீர்தான். வீடு கடைக்குப் பின்னாலேயே. நான் மருந்து இடித்துக்கொண்டிருந்தேன். நாலைந்து முறை கூப்பிட்டாள். "சும்மா நைநைன்னு உயிர வாங்காதம்மா" என்று இடைக்கதவைச் சாத்தினேன். மறுபடி திறந்தபோது உயிர் இல்லை. தம்பியிடம்கூட இதைச் சொன்னதில்லை.

செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தேன். தம்பி மடமடவென்று குடித்துவிட்டு, "குடிச்சிட்டாங்கண்ணே" என்றான். வறண்டது அவன் வாய், தாகமும் அவனுடையது. எனக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் நாலு வருடத்தில் அன்றுதான் எனக்குச் சோறு தொண்டையில் இறங்கியது.

தம்பிக்குத் தாகம் எடுத்தால்தான் அம்மாவுக்குத் தாகம் எடுக்கும். அதனால் ஞாயிறுதோறும் அவன் கஷாயத்தில் விதையைச் சேர்த்தேன். போகப்போக அவனுக்கு ஊசியின் காது தெரியாமல் போயிற்று. ஒரே சட்டைக்கு ஒரு கையை நீளமாகவும் ஒன்றைக் குட்டையாகவும் தைத்தான்; முதலாளி நிறுத்திவிட்டார். "எனக்கு என்னவோ ஆகுதுண்ணே, பயமா இருக்கு" என்று என் மடியில் படுத்து அழுதான். எனக்கும் அழுகை வந்தது. "நான் இருக்கேன்டா" என்று தலையைக் கோதிவிட்டேன். அடுத்த ஞாயிறும் கொடுத்தேன்.

போன ஞாயிறு செம்பைத் தட்டிவிட்டான். என்னை நேராகப் பார்த்து, "போதும்டா. எனக்குத் தாகம் இல்ல. தம்பிய விட்டுடு" என்றான். அவன் என்னை ஒருநாளும் டா போட்டதில்லை. அம்மாதான் அப்படிக் கூப்பிடுவாள்.

அத்தனை ஞாயிறும் பேசியது அம்மா என்று நம்பியவன், அன்று மட்டும் இது மருந்தின் உளறல் என்று முடிவு செய்தேன். இன்னும் ஒரு கரண்டி கஷாயம் ஊற்றினேன். வழக்கம்போல் என்னவென்று கேட்காமல் குடித்தான். அதற்குப் பிறகு இரண்டு பேருமே தண்ணீர் கேட்கவில்லை ஐயா.