கேரம் போர்டில் காணாமல் போன குழி

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். காலண்டர் அச்சகத்தில் வேலை பார்ப்பவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த இளையவள் திடீரென்று சொன்னாள்:

“எங்க வீட்டுக்காரரு கேரம் போர்டுக்கு நேத்து கண்மை போட்டுவிட்டேன்க்கா.”

“போர்டுக்கு எதுக்கு புள்ள கண்மை?”

“சீசனுல்லா. வேலைய வீட்டுக்குக் கொண்டாந்து, போர்டு மேல காலண்டர வச்சு ஆணி அடிச்சு ஓட்டை போட்டேன். தாளோட சேந்து பலகையும் ஓட்டை ஓட்டையாயிருச்சு.”

“அவுகளுக்கு அந்தப் போர்டுன்னா உசுராச்சே!”

“அதான் பயந்துட்டேன். மரத்தூளையும் பசையையும் குழைச்சு அடைச்சேன். காஞ்சதும் கறுத்துப் போச்சு. பெறவு கம்பெனியில மிச்சம் கெடந்த மஞ்ச மையில துளி செவப்பு விட்டு, மரத்துக் கலருக்குக் கொண்டாந்து பூசினேன். கண்மையத் தொட்டு, மரத்துல ஓடுற ரேகையையும் இழுத்துவிட்டேன்.”

“கண்டுபிடிச்சாகளா?”

“காலையில தடவிப் பாத்துட்டு, இது நம்ம போர்டே இல்லைன்னுட்டாக. தீவாளிக்கு மத்தாப்பு சுட்ட குழி ஒண்ணு அதுல இருந்துச்சு. அதக் குறிவச்சுத்தான் அடிப்பாகளாம். நான் அதையும் சேத்து அடைச்சுட்டேன்.”

“வஞ்சாகளா?”

“இல்லக்கா, சிரிச்சாக. அந்த ஒண்ண மட்டும் திரும்பத் தோண்டிக் குடுன்னாக. ரெண்டு பேரும் போர்டு மேல கவுந்துகிட்டுத் தேடினோம். எங்கன இருந்துச்சுன்னு அவுகளுக்கும் தெரியல, எனக்கும் தெரியல.”