தீர்த்தான் கட்டின செவுரு

மொட்டப்பாறை மேட்டுல ஒத்தையா நிக்குதே கல்லுச் செவுரு, அதப் பாக்குறவங்க ஆளுக்கொண்ணு சொல்றாங்க. கோட்டைங்கறாங்க, மாட்டுப்பட்டிங்கறாங்க. இருபதடி நீளத்துல எவன்யா கோட்ட கட்டுவான்? கேளுங்க, நான் சொல்றேன்.

மலைக்கு மாட்டுத் தடம்கூட இல்லாத காலமாம். மொட்டப்பாறையில தீர்த்தான்னு ஒருத்தன் இருந்தானாம். எதுத்த மலையில இருந்து காத்தாயியக் கட்டிக்கிட்டு வந்தான். நல்ல பொண்ணு. ஆனா பொழுது சாஞ்சா மேட்டுக்குப் போயிடுவா. அங்க ரெண்டு பாறைக்கு நடுவுல மட்டுந்தான் எதுத்த மலை தெரியும். பாத்துட்டு, சிரிச்ச மூஞ்சியா வருவா.

தீர்த்தானுக்கு வயிறு எரிஞ்சுது. அங்க யாரு இருக்கா? வெள்ளையன் இருக்கான். அவளுக்கு மாமன் மகன், கட்டிக்கிற முறை. அவனத்தான் இவ பாக்குறான்னு தீர்த்தான் முடிவே பண்ணிட்டான். அவகிட்ட ஒரு வார்த்த கேட்டானா? கேக்கல. கேட்டா மானம் போயிடுமாம்!

அந்தச் சந்துல கல்ல அடுக்க ஆரம்பிச்சான்.

"எதுக்கு மாமா செவுரு?"ன்னாளாம்.

"புலி வருது"ன்னானாம்.

நமக்காகப் பாடுபடுறாரேன்னு அவளும் கல்லு சுமந்தாளாம், பாவி மக. இடுப்பு உசரம் வந்துச்சு, நின்னு பாத்தா. கழுத்து உசரம் வந்துச்சு, எக்கிப் பாத்தா. அவ எக்க எக்க இவன் ஒரு வரிசை ஏத்தினான். "இவ்வளவு உசரம் வேணுமா மாமா?"ன்னு கேட்டா. இவன் மொறைச்ச மொறைப்புல வாய மூடிக்கிட்டா. ஏறினா சரிஞ்சிடும்னு மிரட்டியும் வெச்சான். எல்லாம் மறைஞ்ச அன்னிக்கித்தான் தீர்த்தான் வயிறாரச் சாப்பிட்டானாம்.

ஒரு மாசம் போச்சு. வெள்ளையன் வாசல்ல வந்து நின்னான். தீர்த்தான் கொடுவாளத் தேடுறான். வெள்ளையன் இவனப் பாக்கவேயில்ல.

"காத்தாயி, உன் ஆத்தா செத்துப் போச்சு. மூணு நாளாப் பச்சத் தழையப் போட்டுப் புகை மூட்டினோம். உன் பேரச் சொல்லிக்கிட்டே கெடந்துச்சு. ஏன் வரல?"

அப்பத்தான் விசயம் தெரிஞ்சுது. ஒண்டியா இருந்த ஆத்தாக்காரி, மகளக் கட்டிக் குடுத்தப்பவே சொல்லி அனுப்பினாளாம்: "சாயங்காலம் என் அடுப்புப் புகையப் பாரு. அது தெரியுற வரைக்கும் நல்லாருக்கேன். குடிசையே மறையுற மாதிரி புகை வந்தா ஓடியா."

தீர்த்தான் செவுத்த இடிக்க ஓடினான். காத்தாயி கையப் புடிச்சா. அழல.

"இடிக்காத. நானும் சுமந்த கல்லு, நிக்கட்டும். எதுக்குக் கட்டினன்னு வர்றவன் போறவன் எல்லாம் கேக்கட்டும். நீ பதில் சொல்லு."

அதுவரைக்கும் மாமான்னு கூப்பிட்டவ, அன்னிக்கி நீன்னுட்டா. எறங்கிப் போனா, திரும்பி வரல. தீர்த்தான் சாகுற வரைக்கும் கேட்டவங்களுக்கெல்லாம் "புலிக்கு"ன்னுதான் சொன்னானாம்.

இன்னிக்கும் எங்க ஊருக்குப் புதுப்பொண்ணு வந்தா, மாப்பிள்ள அவளச் செவுத்து மேல ஏத்தி நிறுத்தி, "உங்க வீடு எந்தப் பக்கம்?"னு கேக்கணும். அவ கை நீட்டிக் காட்டின பிறகுதான் அவனுக்குச் சோறு.