மூன்றாவது குழியில் அண்ணன்

அச்சியாவுக்கு,

உன் அப்பாவின் குரலுக்கு நாற்பது சேடி பணம் ஆயிற்று. கேமராக்காரன் எழுபது கேட்டான். படுக்கையில் கிடக்கிறவரைப் படம் எடுக்க என்ன பெரிய வேலை, கல்யாண மாப்பிள்ளை மாதிரி அவர் எழுந்து ஆடப் போகிறாரா என்று கேட்டேன். சிரித்துவிட்டான். சிரித்த பிறகு ஒருவன் பழைய விலையில் நிற்பதை நான் பார்த்ததில்லை.

தமாலேயிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. அப்பாவின் டிவிடி பிளேயர் வேண்டும், ஆனால் இனாமாக வேண்டாம், விலை சொல்லுங்கள் அத்தை என்று எழுதியிருக்கிறாய். விலை வேண்டாம். வடக்கே போகும் லாரியில் ஏற்றி அனுப்புகிறேன். ஆனால் குமாசி சந்தையில் முப்பது வருடம் துணி விற்றவள் நான். சரக்கை விற்றாலும் சும்மா கொடுத்தாலும் அதன் குறையைச் சொல்லாமல் கைமாற்றியதில்லை. ஆகவே குறைகளைச் சொல்கிறேன்.

ஐந்து டிஸ்க்கை ஒரே சமயத்தில் வைக்கலாம். தட்டு மேசை இழுப்பறை போல வெளியே வரும். அதில் வட்டமாக ஐந்து குழிகள் இருக்கும். பாலைவனக் காற்று வீசும் மாதங்களில் தூசி உள்ளே போய், டிஸ்க் வைத்திருந்தாலும் இல்லை என்று காட்டும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு லென்ஸை மெல்லத் துடை. வாயால் ஊதாதே, எச்சில் படும். தட்டு வெளியே வர மறுத்தால் உள்ளே ஒரு ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது அறுந்திருக்கும். இன்னொன்று. இதன் பொத்தான் அழுத்தினால் அழுந்தியபடியே நிற்கிற ரகம். கரண்ட் போய், லைட் திரும்பி வந்தால் யாரும் தொடாமல் தானாக எழுந்து ஓடத் தொடங்கும். ஆகவே மூடியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடு. தெருவே இருட்டாக இருந்தாலும் பிடுங்கிவிடு. உன் அம்மாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

சொல்லியிருக்கக் கூடியவள் நான் ஒருத்திதான் என்பதால், அதையும் குறைகளோடு சேர்த்தே எழுதுகிறேன்.

நம் குலத்தில் ஆண்மகனின் வீடு அவன் பிள்ளைகளுக்குப் போவதில்லை, அவனோடு பிறந்தவளின் மகனுக்குப் போகும். இது உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் சாகிறவன் தன் வாயால் வேறு விதமாகச் சொல்லிவிட்டால் அந்தச் சொல்லைத் தாண்ட யாருக்கும் துணிவு வராது. அண்ணன் கேமராவை முக்காலியில் நிறுத்தச் சொல்லி, எல்லோரையும் அறையைவிட்டு வெளியே அனுப்பிவிட்டுப் பேசினார். கேமராக்காரன் ஒரே ஒரு டிஸ்க் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த மாதமே லிபியாவுக்குப் போய்விட்டான். அண்ணன் அதைத் தன் கையால் மூன்றாவது குழியில் வைத்தார். "பெரியவங்க எல்லாரும் உட்கார்ந்தப்புறம் போடுங்க. அதுக்கு முன்னால யாரும் பார்க்கக் கூடாது" என்றார். எட்டாம் நாள் இறந்துபோனார்.

அதில் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, உன் அம்மாவுக்கும் தெரியாது. ஆனால் வீடு தனக்குத்தான் என்று அவள் நம்பினாள். நானும் அப்படித்தான் நம்பினேன். நாங்கள் இருவரும் ஒத்துப்போன விஷயங்கள் மிகக் குறைவு, அதில் இது ஒன்று.

நாற்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் கூடுவதாக இருந்தது. டிஸ்க்கைக் காட்டினால் அதன்படி நடப்போம், காட்ட முடியாவிட்டால் வழக்கப்படி சார்போங்குக்கு என்று குலத் தலைவர் சொல்லிவிட்டார். சார்போங் என் ஒரே மகன். அப்போது அவனுக்கு வேலையும் இல்லை, பெண் கொடுக்க ஆளும் இல்லை. இதை நியாயம் என்று சொல்லவில்லை, நிலவரம் சொல்கிறேன்.

அதற்கு மூன்று வாரம் முன்பு பெல்ட் அறுந்தது. அதை நான் அறுக்கவில்லை. தட்டு உள்ளேயே மாட்டிக்கொண்டது, டிஸ்க்கும் உள்ளே. கைம்பெண் வருடம் முடியாமல் படியிறங்கக் கூடாது என்பதால் உன் அம்மா என்னைத்தான் கடைக்கு அனுப்பினாள். மூன்று முறை பெல்ட் வாங்கி வந்தேன், மூன்றும் அளவு பெரியவை. ரிப்பேர்காரனைக் கூட்டிவரச் சொன்னாள். அவன் அக்ராவுக்குப் போயிருக்கிறான் என்றேன். அவன் தினமும் என் கடைக்கு எதிரே உட்கார்ந்து கென்கி தின்றுகொண்டிருந்தான்.

அந்த வருடம் அணையில் தண்ணீர் இல்லாததால் ஒருநாள் விட்டு ஒருநாள் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை லைட் கிடையாது. அந்த முறைப்படி சனிக்கிழமை நம் தாஃபோ பக்கம் இருட்டு. வெள்ளிக்கிழமை மத்தியானம் நம் தெருக்கோடி வீட்டிலிருந்து ஒருத்தி சாவுத்துணி வாங்க வந்தாள்.

"கறுப்பு முப்பது கெஜம், சிவப்பு இருபது. கடைசி விலை சொல்லுங்க அக்கா."

"செத்தவர் உனக்கு யாரு?"

"பெரியப்பா. நல்லா காசு விட்டுட்டுப் போனாரு, ஆனா எங்களுக்கில்ல. அதனால பார்த்துக் குறைங்க."

"நாளைக்கு லைட் இல்லையே. ஸ்பீக்கர் எதுல பாடும், உங்க பெரியப்பா வாயிலயா?"

"அட போங்கக்கா." குரலைத் தாழ்த்தினாள். "எங்க ஆளுங்க கரண்ட் ஆபீஸ்ல போய்க் கெஞ்சிட்டு வந்திருக்காங்க. நம்ம பக்கம் மட்டும் மூணு மணிக்கே விட்டுருவாங்களாம். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, ஊரே துணி தேய்க்க உட்கார்ந்துட்டா இருக்கிறதும் போயிரும்."

யாரிடமும் சொல்லாதே என்றாள். நான் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிறவள் என்று என்னைப் பற்றிச் சந்தையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்.

சனிக்கிழமை கடையைச் சீக்கிரமே மூடிவிட்டு வந்தேன். உன் அம்மா கூடத்துத் தரையில் பிளேயரை வைத்து மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மழித்த தலை, கறுப்புத் துணி, வெறுங்கால். பக்கத்தில் பழைய சைக்கிள் டியூபும் கத்தரிக்கோலும் கிடந்தன.

"வாடி ஃபோசுவா. நீ வாங்கிட்டு வந்த பெல்ட்டைப் பாரு, வளையல் மாதிரி தொங்குது. யாருக்கு வாங்கின, யானைக்கா?"

"கடைக்காரன் குடுத்தது அதுதான் அண்ணி."

"நாப்பது சேடி சரக்கை நாலு சேடிக்கு அடிக்கிறவ நீ. ஒரு ரப்பர் வளையத்துல மட்டும் மூணு தடவை ஏமாந்துட்டு வர்றே." என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை. "போகட்டும். டியூப்ல வெட்டி நானே மாட்டிட்டேன். கையால சுத்தினா பல்சக்கரம் அசையுது பாரு."

பிளக் சுவரில் மாட்டியிருந்தது. அவளே அதைப் பற்றிப் பேசினாள். "பிளக்கு அப்படியே கிடக்கட்டும். ஆறு மணிக்கு லைட் வந்ததும் தட்டு வருதான்னு பார்த்துடலாம். ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு மாட்ட என் இடுப்பு என்ன உன் இடுப்பா?"

நம் தெருவில் எல்லோரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். லைட் இல்லாத நாளில் அடுப்பு, மிக்ஸி, ரேடியோ எல்லாவற்றையும் பிளக்கோடு திறந்து போட்டுக்கொண்டு பழுது பார்ப்பார்கள். நேரம் தெரிந்த இருட்டு யாருக்கும் பயமில்லை.

"ஆமா அண்ணி" என்றேன்.

நீயும் தம்பியும் பசிக்கிறது என்றீர்கள். நான்தான் காசு கொடுத்து, பள்ளிவாசலுக்கு அப்பால் இருக்கும் கடைக்குப் போய்க் கென்கி வாங்கிவரச் சொன்னேன். பக்கத்திலேயே கடை இருக்கிறதே அத்தை என்று கேட்டாய். அங்கேதான் மீன் நன்றாக இருக்கும் என்றேன். அது பொய்யில்லை, நன்றாகத்தான் இருக்கும்.

நீங்கள் போன பிறகு வாளியில் தண்ணீர் எடுத்துவந்து கூடத்தைத் துடைத்தேன்.

"அடியே, இப்பவா? காலெல்லாம் சில்லுங்குது."

"நாளைக்குப் பெரியவங்க வர்றாங்களே அண்ணி."

"என்னைத் துரத்த வர்றவங்களுக்கு வீட்டைத் துடைச்சு வைக்கிறா பாரு" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இடது கையால் இரும்புச் சட்டத்தைப் பிடித்து, வலது கையை உள்ளே விட்டுச் சக்கரத்தைத் தேடினாள். என் கைக்கடிகாரத்தில் மூன்றுக்கு நான்கு நிமிடம் இருந்தது. நான் மரநாற்காலியில் உட்கார்ந்து கால்களைக் குறுக்குக் கட்டையின் மேல் தூக்கி வைத்துக்கொண்டேன். ஈரத் தரை எனக்கு ஆகாது, சளி பிடித்துவிடும்.

லைட் திரும்பும்போது நம் தெரு எப்படிக் கூவும் என்று உனக்குத் தெரியும். வீட்டுக்கு வீடு குழந்தைகளும் கிழவர்களும் ஓவென்று கத்துவார்கள். அன்று எதிர்பாராத நேரத்தில் வந்ததால் இரண்டு மடங்காகக் கத்தினார்கள். உன் அம்மா எழுப்பிய சத்தம் அதற்குள் போய்விட்டது. சின்னச் சத்தம்தான், சூடான பாத்திரத்தைத் தொட்டவள் மாதிரி. பிறகு மல்லாந்து விழுந்தாள். கண் திறந்திருந்தது.

டிவி வெளிச்சமானது. பிளேயர் திறந்த வயிற்றோடு தானாகச் சுற்றத் தொடங்கியது. அவள் வெட்டி மாட்டிய சைக்கிள் டியூப் நழுவவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்று, இரண்டு என்று தாண்டி மூன்றில் நின்றது. அண்ணன் திரையில் வந்து என்னைப் பார்த்தார்.

எதிர்வாசல் வீட்டில் நர்ஸ் இருந்தாள். சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. நான் எழுந்திருக்கத்தான் நினைத்தேன். ஆனால் நம் குலத்தில் சாகிறவர் கடைசி வார்த்தை பேசும்போது கேட்கிறவர்கள் நடுவில் எழுந்து போகக் கூடாது. எழுந்து போனால் அவர் பேச்சை மறுத்ததாக ஆகும். அண்ணனுக்கு அந்த அவமரியாதையை நான் செய்யமாட்டேன்.

நிதானமாகப் பேசினார். தோட்டத்துக் கோகோ மரங்களைப் பற்றிப் பேசினார், தேவாலய இசைக்குழுவுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கச் சொன்னார், இருமினார். நடுவில் வாசற்பக்கம் திரும்பி, உன் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "நியார்கோ, கொஞ்சம் தண்ணி" என்றார். அந்த நாளில் எல்லோரையும் வெளியே அனுப்பியிருந்ததால் யாரும் கொண்டுவரவில்லை போலிருக்கிறது, காத்திருந்துவிட்டு மறுபடி பேசினார். அவர் தண்ணீர் கேட்டபோது உன் அம்மாவின் வலது கை விரல்கள் ஈரத்தில் அசைந்தன. எழுந்திருக்கப் பார்க்கிறவளின் கை மாதிரி இருந்தது.

வீட்டு விஷயத்தைக் கடைசியில்தான் எடுத்தார். "வீடு குலத்தோடது. சார்போங்குக்குத்தான் போகணும், அதுல நான் கை வைக்க மாட்டேன். ஆனா பின்கட்டு ரெண்டு ரூமும் நியார்கோவுக்கும் பிள்ளைங்களுக்கும், அவங்க இருக்கிற வரைக்கும். யாரும் துரத்தக் கூடாது. ஃபோசுவா பார்த்துக்குவா. ஊர்ல எல்லார்கிட்டயும் பேரம் பேசுவா, என்கிட்ட பேச மாட்டா."

படம் முடிந்து திரை நீலமானது. அப்புறம் நான் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, சுவரில் சுவிட்சை அணைத்து, வாசலுக்கு ஓடி நர்ஸைக் கூப்பிட்டேன். அவள் வந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். எப்போது நடந்தது என்று கேட்டாள். இப்போதுதான் என்றேன். நீங்கள் இருவரும் கென்கிப் பொட்டலத்தோடு வந்து வாசலில் நின்றீர்கள்.

மறுநாள் பெரியவர்களிடம் மிஷினும் டிஸ்க்கும் கருகிவிட்டன என்றேன். அவர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வீடு சார்போங்குக்கு வந்தது. டிஸ்க்கைக் காட்டியிருந்தாலும் வந்திருக்கும். காட்டினால் எப்படி வெளியே வந்தது, எப்போது பார்த்தாய் என்று கேட்பார்கள். அதனால் உங்களை சுன்யானியில் உன் அம்மா வீட்டாரிடம் அனுப்பினேன். பின்கட்டில் ஒரு தையல்காரர் குடியிருக்கிறார், நல்ல மனிதர்.

ஒன்பது வருடமாகிறது. லைட் வந்து தெரு கூவும்போதெல்லாம் பிளேயர் எழுந்துகொள்ளும். டிஸ்க்கை ஐந்தாவது குழிக்கு மாற்றிப் பார்த்தேன், மற்ற நான்கிலும் நல்ல படங்களாக வைத்தேன். நான்கையும் தாண்டிப் போய் ஐந்தில் நின்றது. பிளக்கைப் பிடுங்கிப் போர்வையால் மூடி வைத்தேன். அன்றும் கூவல் அடங்கியதும் கூடத்தில் யாரோ இருமினார்கள். தையல்காரராக இருக்கலாம். நான் கையில் ஒரு குவளைத் தண்ணீரோடு கூடத்து நடுவில் நின்றுகொண்டிருப்பதைச் சார்போங்கின் மனைவி இரண்டு முறை பார்த்துவிட்டாள். யாருக்கு அத்தை என்று கேட்டாள். தாகம் என்றேன். தரை எப்போதும் ஈரமாக இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அவள் காய்ந்திருக்கிறது என்கிறாள்.

டிஸ்க்கை மறுபடி மூன்றாவது குழியிலேயே வைத்து அனுப்புகிறேன். உன் பிள்ளைகள் தாத்தா குரலைக் கேட்கட்டும். கேட்ட பிறகு நீ என்னிடம் கணக்குக் கேட்பாய், அதையும் சரியாகவே தருகிறேன். படம் மொத்தம் இருபத்தாறு நிமிடம். விரல்கள் அசைந்தது பதினொன்றாவது நிமிடத்தில். ஆக நான் தாமதித்தது பதினைந்து நிமிடம்தான். முதல் பதினொன்றை என் பேரில் எழுதாதே, அப்போது அவள் உயிரோடுதான் இருந்தாள்.