மூன்று டம்ளர் தண்ணீர்

மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். நான் மெதுவாகப் பேசுகிறவன். இத்தனை வருடத்தில் வார்டில் குரலை உயர்த்தியதே இல்லை. நர்ஸ்கள், தரை துடைக்கிறவர்கள், நோயாளிகளோடு வரும் சொந்தக்காரர்கள், யாரைக் கேட்டாலும் பெரிய டாக்டர் தங்கமானவர் என்றுதான் சொல்வார்கள். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்த எதுவும் கோபத்தில் நடக்கவில்லை என்று என்னை விசாரிக்க உட்கார்ந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

அந்த நோயாளி பஸ் டிரைவர். நாற்பதைத் தாண்டியவர், தொப்பை கொஞ்சம் முன்னால் நிற்கும், வாய் சும்மா இருக்காது. வாந்திபேதியோடு லீவு போடாமல் வண்டி ஓட்டியிருக்கிறார். முதுகு வலிக்கு மருந்துக்கடையில் தானாகவே வலி மாத்திரை வாங்கி, மிட்டாய் மாதிரி போட்டுக்கொண்டிருக்கிறார். உடம்பில் தண்ணீர் வற்றியிருந்த நேரத்தில் அந்த மாத்திரையும் சேர்ந்ததில் சிறுநீரகம் இரண்டும் படுத்துவிட்டன. சொட்டு மூத்திரம் இல்லை. முகமும் காலும் வீங்கித்தான் எங்களிடம் வந்து சேர்ந்தார்.

நீங்களும் டாக்டர்கள்தான். ஆனாலும் தட்டச்சு செய்கிற அம்மாவுக்காகச் சொல்கிறேன். இப்படித் திடீரென்று படுத்த சிறுநீரகம் பெரும்பாலும் மறுபடி எழுந்துகொள்ளும். சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். அதுவரை மிஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்து, ஆளை நழுவ விடாமல் பிடித்து வைத்திருக்க வேண்டும். சிலர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். யார் எழுவார், யார் போவார் என்று முன்கூட்டியே சொல்வது கஷ்டம். நான் சொல்வேன். அதில் எனக்கு ஒரு பெயர் உண்டு.

போய்விடுவார் என்று பட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். அதைப் பக்குவமாகச் செய்ய வேண்டும். சொந்தக்காரர்களை என் அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "ஏம்மா, கடைசி நேரத்துல இந்த ஊசியும் டியூபும் அவருக்கு எதுக்கு? வீட்டுல உங்க மடியில இருக்கட்டும்" என்பேன். அழுவார்கள், பிறகு கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார்கள். என் நம்பரைக் கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்பேன். வேறு எந்த டாக்டராவது நம்பர் கொடுக்கிறாரா என்று விசாரித்துப் பாருங்கள்.

மாதாமாதம் நீங்கள் நடத்துகிற கூட்டத்தில் எந்த வார்டில் எத்தனை சாவு என்று வாசிக்கிறீர்கள். வீட்டில் செத்தவர் அதில் வரமாட்டார். அந்த விதியை நான் போடவில்லை, உங்களில் ஒருவர்தான் போட்டார். என் வார்டைப் பற்றி வாசிக்கும்போது கை தட்டியவர்களில் நீங்களும் உண்டு. நான் அனுப்பியவர்களில் எத்தனை பேர் இங்கேயே இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று இப்போது கேட்கிறீர்கள். அதற்கு யாரிடமும் பதில் கிடையாது. அதுதான் அதில் உள்ள வசதி.

டிரைவர் விஷயத்துக்கு வருகிறேன். அவரைச் சின்ன டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். வார்டில் அந்தப் பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருக்குப் பாடம் எடுத்தவன் நான். டிரைவர் அவரிடம், "டாக்டர், வண்டி மக்கர் பண்ணுது, நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்பார். இந்தப் பெண்ணும் விழுந்து விழுந்து சிரிக்கும். நான் கட்டிலருகே போனால் டிரைவர் வாயை மூடிக்கொண்டு மரியாதையாகப் படுத்திருப்பார். அதற்காக நான் வருத்தப்பட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

பல நாள் ஆகியும் மூத்திரம் வரவில்லை. இவர் தேறமாட்டார் என்று வார்டு ரவுண்டில், எல்லோர் முன்னாலும் சொன்னேன். சின்ன டாக்டர் தலையைத் தூக்கி, "இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம் சார். அவருக்கு வேற நோய் எதுவும் இல்லையே. திரும்ப வந்துடும் சார்" என்றார். பயிற்சிக்கு வந்த மாணவர்கள் என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். எனக்குக் கோபம் வராது என்று முதலிலேயே சொன்னேன் இல்லையா.

அன்று சாயந்திரமே டிரைவரின் மனைவியைக் கூப்பிட்டுப் பேசினேன். சிறுநீரகம் ரெண்டும் போச்சும்மா, இனி வராது என்றேன். அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பிறகு, "நீங்க சொன்னா சரிதான் சார்" என்றார். கடைசியாக ஒரு தடவை மிஷினில் போட்டு, காலையில் கூட்டிப் போவதாக முடிவானது. காலையில் எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனையை நான்தான் வேண்டாம் என்றேன். போகிற ஆளை எதற்குக் குத்த வேண்டும்?

மறுநாள் நான் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டேன். டிரைவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலுக்குக் கீழே தொங்குகிற மூத்திரப் பையை எதற்குப் பார்த்தேன் என்று தெரியவில்லை. அதில் கால்வாசிக்கு மஞ்சளாக நிறைந்திருந்தது. அத்தனை நாளும் வெறுமனே தொங்கிய பை.

நான் அதைக் கழற்றி எடுத்துப் போய்க் கழிவறையில் ஊற்றிவிட்டு, பழையபடி மாட்டினேன். மூத்திரப் பையை நான் கையால் தொட்டே வெகுகாலம் ஆகிறது. கொஞ்சம் புறங்கையில் பட்டுவிட்டது.

ஏன் என்று கேட்கிறீர்கள். அந்த அம்மா இரவெல்லாம் அழுது ஒருவழியாக மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார். வீட்டில் கட்டிலை இழுத்துப் போட்டு, சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று. அவரிடம் போய், நேற்று நான் சொன்னது தப்பு என்று எப்படிச் சொல்வது? இன்றைக்கு நம்பிக்கை கொடுத்து நாளைக்குப் பிடுங்குவதுபோல ஆகிவிட்டால்? நான் கொடுத்த வார்த்தையை மாற்றிப் பழக்கமில்லாதவன்.

சின்ன டாக்டர் வந்ததும் முதல் கேள்வி, "ராத்திரி ஏதாவது வந்துச்சா சார்?"

"இல்லம்மா."

அந்தப் பெண் பையைப் பார்த்தார். என் மாணவி, நான் சொன்னால் நம்புவார்.

போகும்போது அந்த அம்மாவுக்குத் தண்ணீர் விஷயத்தைச் சொல்லிக்கொடுத்தேன். மூத்திரம் வராதவருக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டும். என் மேஜையில் இருந்த டம்ளரையே காட்டி, "ஒரு நாளைக்கு மூணு. கஞ்சி, டீ எல்லாம் அதுக்குள்ளதான்" என்றேன். அந்த டம்ளரைக் கொடுப்பீர்களா, அளவு தப்பக்கூடாது என்று கேட்டு வாங்கிப் போனார். அப்படிப்பட்ட மனுஷி.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தூங்கி எழுந்த சிறுநீரகம் முதலில் கண் மண் தெரியாமல் வேலை செய்யும். உள்ளே போவதைவிட அதிகமாக வெளியே தள்ளும், கூடவே உப்பையும் தள்ளும். அந்தச் சில நாள் ஈடுகட்டித் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஆள் பிழைத்து வேலைக்குப் போய்விடலாம். கொடுக்காவிட்டால் உடம்பு வற்றிப்போகும். எல்லா வருடமும் மாணவர்களுக்கு இதை நான்தான் நடத்துகிறேன். நன்றாக நடத்துவேன் என்று சொல்வார்கள்.

வீட்டுக்குப் போன இரண்டாம் நாள் அந்த அம்மா ஃபோனில் கூப்பிட்டபோது நான் மதியச் சாப்பாடு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர்ச் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை, குழாயை மூடினேன்.

"டாக்டர், நேத்துலேருந்து இவருக்கு மூத்திரம் நிறையப் போகுது. பக்கெட்டு நிறையப் போகுது. நல்லதுதானே டாக்டர்?"

நான் ஈரக் கையைத் துண்டில் துடைத்தேன்.

"தண்ணி, தண்ணின்னு உயிரை எடுக்குறாரு. நாக்கெல்லாம் காஞ்சு கிடக்கு. மூணு டம்ளர் காலையிலேயே முடிஞ்சுபோச்சு. இன்னும் ஒரு டம்ளர் கொடுக்கட்டுமா?"

நான் யோசித்தேன். யோசிக்காமல் சொன்னேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும். டிரைவர் எழுந்து நடந்து, சின்ன டாக்டரைப் பார்க்க வார்டுக்கு வருவது என் கண் முன்னால் தெரிந்தது. வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு டாக்டர் என்பார். மாணவர்கள் சுற்றி நிற்பார்கள். நான் வீட்டுக்கு அனுப்பிய மற்றவர்களைப் பற்றி யாராவது ஒருத்தர் அப்போது வாய் திறப்பார்.

"கொடுக்காதீங்கம்மா" என்றேன். "கொடுத்தா நெஞ்சுல தண்ணி கோத்துக்கிட்டு மூச்சு முட்டிடும். அப்புறம் நீங்களே கொன்ன மாதிரி ஆயிடும்."

"ஐயோ, வேணாம் டாக்டர். கொடுக்கமாட்டேன்" என்றார்.

இரண்டாவது தடவை கூப்பிட்டபோதும் அதையேதான் சொன்னேன். மூன்றாவது தடவை, எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லக் கூப்பிட்டார். நீங்கள் எந்தக் குறையும் வைக்கவில்லை என்று ஆறுதல் சொன்னேன்.

பிறகு ஒருநாள் அந்த அம்மா பழம் வாங்கிக்கொண்டு, எங்களுக்கு நன்றி சொல்ல வார்டுக்கே வந்துவிட்டார். நான் அன்று இல்லை. சின்ன டாக்டரிடம்தான் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். "கடைசிவரைக்கும் தண்ணி கேட்டுக் கையைப் பிடிச்சு இழுத்தாரு டாக்டர். நான் மனசைக் கல்லாக்கிக்கிட்டுக் கொடுக்கவே இல்ல. பெரிய டாக்டர் சொன்ன அளவுதான். மூத்திரம் மட்டும் நல்லாப் போச்சு." சின்ன டாக்டர் பழப்பையைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றாராம். நான் நடத்திய பாடம் அவருக்கு மறந்திருக்காது. அங்கிருந்து நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறார்.

ஆமாம், தெரியும். அந்த மூத்திரப் பையில் இருந்ததற்கு என்ன அர்த்தம் என்றும் தெரியும், அந்த அம்மா ஃபோனில் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்றும் தெரியும். ஒரு சொம்புத் தண்ணீரில் பிழைத்திருப்பார். தெரிந்துதான் கொடுக்காதீர்கள் என்றேன். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. இதை அந்த அம்மாவிடம் சொல்லியே தீர வேண்டும் என்று சின்ன டாக்டர் துடிக்கிறாராம். விடாதீர்கள். சொன்னால், புருஷன் கெஞ்சக் கெஞ்சத் தண்ணீரைத் தள்ளி வைத்தது தன் கைதான் என்று அவருக்குத் தெரிந்துபோகும். பிறகு அந்த அம்மா எப்படி உயிரோடு இருப்பார்? அவருடைய மனசை நினைத்துப் பார்க்க இங்கே என்னைத் தவிர வேறு ஆளே இல்லை போலிருக்கிறது.