கிட்ட வந்து பாடு

ராத்திரி ஒன்றரை மணி. ஊருக்கு வெளியே பைபாஸ் ரோடு. ஒரு பக்கம் பூட்டிய குடோன்கள், இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை... அதன் கடைசியில் ஒரு ஸ்டூடியோ.

என் தோழியின் அக்கா புருஷனுடையது. நாங்கள் அவருக்கு வைத்த பெயர் மேதை. அவரும் தன்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு படத்துக்கு, நூறு வருடத்துக்கு முந்தைய கன்ட்ரி பாட்டு, அதாவது அமெரிக்கக் கிராமத்துப் பாட்டு வேண்டும். ஏழை ஜனங்கள் ஒற்றை மைக்கைச் சுற்றி நின்று பாடியது போல. விடிவதற்குள் கொடுத்தால் மொத்தப் படத்தின் இசையும் மேதை கையில். வயலின்காரரையும் பாட வந்த பெண்ணையும் வாசலோடு திருப்பி அனுப்பினார். "நீங்கல்லாம் எதுக்குப்பா? இனிமே எல்லாம் ஏஐதான்." ஏழையின் குரல் வேண்டும். ஏழை வேண்டாம்.

கம்ப்யூட்டரில் அடித்தார்: 'செத்துப்போன ஏழைப் பெண். இதுவரை யாரும் பதிவு செய்யாத குரல்.' திமிரைப் பார்த்தீர்களா?

பாட்டு வந்தது. வயலின், பாஞ்சோ, இசைத்தட்டின் கரகரப்பு... குரல் மட்டும் ஏதோ நீள அறையின் கோடியிலிருந்து. 'கிட்ட வந்து பாடு' என்று அடித்தார். அந்தக் காலத்தில் ஒரே மைக். குரல் பெரிதாகக் கேட்க வேண்டுமென்றால் ஆளேதான் நடந்து வரவேண்டும். இதுகூடத் தெரியாத மேதை.

அடுத்ததில், இரண்டு வரிகளுக்கு நடுவே, பலகைத் தரையில்... க்ரீச்... க்ரீச்...

உடனே அக்காவுக்குப் போன். "கேளு! அப்படியே ஒரிஜினல்!"

"ஏங்க, எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. போதும், வீட்டுக்கு வாங்க."

"மியூசிக்கைப் பத்தி உனக்கென்னடி தெரியும்? வை போனை."

அதட்டினாரே தவிர, தான் வைக்க மறந்துவிட்டார். அக்கா லைனிலேயே இருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. கீபோர்டு சத்தம். "கிட்ட... இன்னும் கிட்ட..." என்ற அவரது முணுமுணுப்பு. பிறகு துணி உரசும் சத்தம். ஒரு மூச்சு.

"யாருடா இது... மண்ணெண்ணெய் நாத்தம்? விளக்கை ஊதி அணைச்ச மாதிரி..."

ஹெட்போனை மேஜையில் போடும் சத்தம் கேட்டது. பாட்டு நிற்கவில்லை. இப்போது போனுக்கு அருகிலேயே கேட்டது.

காலையில் கதவை உடைத்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. தாழ் உள்பக்கம். உள்ளே யாரும் இல்லை.

பாட்டு மட்டும் படக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அங்கே ஒரே புகழ்ச்சி. பெண் காதுக்குள்ளேயே பாடுகிறாளாம். "பின்னாடி, ரொம்ப தூரத்துல, கதவைத் தொறன்னு ஒரு ஆம்பளை கத்துறார் பாருங்க... அந்த எஃபெக்ட் பிரமாதம்!"

அக்கா இப்போது தினமும் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்கிறாள். 'கிட்ட வாங்க' என்று அடிக்கிறாள். பாட்டு வருகிறது. பலகையில் காலடியும் வருகிறது, ஒவ்வொரு தடவையும் இன்னும் நெருங்கி...

தூரத்தில் கத்தும் அவர் குரல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.