பத்தாவது ஆள்

இல்லண்ணே, டிக்கியில தேடாதீங்க. ஸ்டெப்னி டயரே கிடையாது. அந்த விரிப்பத் தூக்கினா வெறும் குழிதான். என் வீட்டுக்காரி அதுல செருப்பு போட்டு வச்சிருக்கா. ஸ்டெப்னிக்குப் பதிலா ஒரு டப்பா குடுப்பாங்க. அந்த மருந்த டயருக்குள்ள அடிச்சா ஓட்டை அடைஞ்சுக்கும். ஆணி குத்தினாத்தான் அதுவும். இது கல்லுல பட்டு பக்கவாட்டுல கிழிஞ்சிடுச்சே. அடிச்ச மருந்தெல்லாம் ரோட்டுலதான் கிடக்கு.

சிரிக்காதீங்கண்ணே. பஞ்சர் கடை வச்சிருக்கீங்க, உங்களுக்குச் சிரிப்புதான் வரும்.

இந்த சைஸ் டயர் உங்ககிட்ட இல்லையா? எப்படி இருக்கும், மைலேஜுக்குன்னே ஒல்லியா செஞ்சது. கம்பெனி ஹெல்ப்லைன்ல கேட்டேன், வண்டி வர ரெண்டு மணி நேரமாம். பஸ்ஸு? அதுவும் சாயங்காலம்தானா? உங்ககிட்ட பைக் ஏதாவது... சைக்கிள்தானா. சரி விடுங்க. ரோட்டுல நின்னு கை காட்டியும் பாத்துட்டேன், ஒருத்தனும் பிரேக்குல கால் வைக்கல.

ஆஸ்பத்திரிக்குண்ணே. எங்கம்மா. காலையில அண்ணன் போன் பண்ணான். உன் பேரத்தான் சொல்லிட்டே இருக்காங்க, சீக்கிரம் வாடான்னான். இன்னும் நாப்பதே கிலோமீட்டர்.

ஸ்டெப்னிய ஏன் எடுத்தாங்களா? கவர்மெண்டு சட்டம்ணே. கம்பெனி விக்கிற வண்டியெல்லாம் சேத்து, சராசரியா லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் ஓடணும். இல்லன்னா அபராதம். நல்ல சட்டம்தான், குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா எஞ்சின மாத்தணும்னா வருஷக்கணக்காகும். எடையக் குறைக்கிறது சுலபம். கார்பெட்ட மெலிசாக்கினாங்க, பெட்ரோல் டேங்க சின்னதாக்கினாங்க. அப்பவும் கணக்கு உதைச்சுது. ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் சேத்துப் பதினாலு கிலோ. தூக்கினாங்க, சரியாப் போச்சு.

இருங்க, போன் அடிக்குது. அண்ணன்தான். எடுக்கவே பயமா இருக்குண்ணே.

ரிங் நின்னுடுச்சு.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியுமா? தெரியாம என்ன, அந்தக் கார் கம்பெனியிலதான் வேலை பாக்குறேன். பத்து பஞ்சர்ல ஒம்போதுக்கு டப்பா போதும்னு எழுதிக் குடுத்ததே நான்தான். ஆபீஸ்ல கேக் எல்லாம் வெட்டினாங்க. அப்ப அந்தப் பத்தாவது ஆள் என்னய்யா பண்ணுவான்னு மேனேஜர் கேட்டாரு. ரெண்டு மணி நேரம்தானே, வெயிட் பண்ணட்டும் சார்னேன்.