எண்ணிக்கைக்கு நடுவில்

— குனியும் ஆரணி. அந்த மஞ்சள் ஹெல்மெற்றைக் கழட்டும். கண்டா ஊசிவால் வாத்தெல்லாம் எழும்பிடும்.

— எழும்பட்டும். திருநெல்வேலியிலயிருந்து சரசாலைக்கு ஸ்கூட்டி ஓடி வந்தது உங்கடை வாத்துப் பாக்க இல்லை அத்தான்.

— வேறை என்னத்துக்கு?

— கேக்கிறார் பாருங்கோ! நேற்று அம்மா போனிலை கோல் எடுத்தவவோ இல்லையோ?

— மாமி எடுத்தவ.

— என்ன கேட்டவ?

— திவசத்து ஐயரைப் பற்றி ஏதோ.

— அக்கான்ரை திவசம் போன கிழமையே முடிஞ்சுதெல்லோ. வருசம் திரும்பட்டும் எண்டு அம்மா பாத்துக்கொண்டிருந்தவ. ஆரணியைக் கட்டுறீரோ தம்பி எண்டு கேட்டவ. நீங்கள் ஓம் எண்டனீங்கள்.

— நானோ?

— ரெண்டு தரம். ஓம் மாமி, ஓம் எண்டு.

— எப்ப? பொழுதுபடேக்கையோ?

— ஓம்.

— அப்ப எண்ணிக்கொண்டிருந்தனான். வாத்துகள் ஒரேயடியா வந்து இறங்கினது. எண்ணேக்கை ஆர் என்ன கேட்டாலும் ஓம் எண்டுதான் சொல்லுறது. மாட்டன் எண்டா ஏன் எண்டு கேப்பினம். மறுமொழி சொல்ல வெளிக்கிட்டா எண்ணிக்கை துலைஞ்சிடும்.

— விசர் மனிசன்! அம்மா காலமை மருதனார்மடத்து ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தீட்டா, தெரியுமோ? கனடா மாமாவுக்கும் சொல்லியாச்சு.

— நான் மாமியோடை கதைக்கிறன்.

— என்னெண்டு?

— கேள்வியைக் கவனிக்காமல் ஓம் சொல்லிப்போட்டன் எண்டு.

— அக்கா இருந்தா புருசனெண்டும் பாக்காமல் உங்களைத் தும்புத்தடியாலை அடிச்சிருப்பா.

— ஓம்.

— இப்பவும் எண்ணுறியளோ?

— இல்லை. இது உண்மையான ஓம்.

— ம்.

— நீர் கோவப்பட்டு வந்தது சரிதான். நானெண்டாலும் வந்திருப்பன்.

— கோவந்தான். அம்மாட்டைச் சொன்னதை என்னட்டை நேரை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லோ எண்டு கோவம்.

— நான் நினைக்கவேயில்லை ஆரணி. உம்மை எண்டில்லை, ஆரையும். விடிஞ்சா இஞ்சை வாறன். இருண்டா போறன்.

— தெரியும்.

— குறை நினையாதையும்.

— பைனாக்குலரைத் தாங்கோ. அந்தச் சிவப்புக் கால்காரர் ஆர்?

— பவளக்காலி.

— ஒண்டும் வடிவாத் தெரியேல்லை. மங்கலாக் கிடக்கு.

— நடுவிலை இருக்கிற சில்லைத் திருப்பும்.

— திருப்பினாலும் மங்கல்தான்.

— ஆரணி.

— என்ன?

— மாமி உம்மட்டையும் கேட்டவவோ?

— கேட்டவ.

— நீர் என்ன சொன்னனீர்?

— நானும் ஓம் எண்டனான் அத்தான். நான் ஒண்டையும் எண்ணிக்கொண்டிருக்கேல்லை.